கேட்கவில்லை, குமுறுகிறது: பொழுதுபோக்கு பேஸ் கிட்டார்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

திருச்சியில் பகலில் வங்கி எழுத்தராகவும், முகூர்த்த நாள்களின் மாலைகளில் ஒரு மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டார்காரராகவும் (தாழ்ந்த சுரங்களை எழுப்பும் நான்கு தந்திக் கிட்டார் அது) இருந்துவரும் நான், 2010 முதல் 2017 வரை இரண்டு புகார்களை இடைவிடாமல் கேட்டுவந்தேன். ஒன்று, "பேஸ் கேக்கவே இல்லண்ணே." மற்றொன்று, "பேஸ் ஒரேயடியாக் குமுறுது, கொஞ்சம் கொறைங்க." இரண்டும் ஒரே பாட்டைப் பற்றி, ஒரே இரவில், பத்தடி தள்ளித் தள்ளி நின்ற இருவரிடமிருந்து வந்த நாள்களும் உண்டு. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே விரல்கள். இரண்டு புகாரும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்கு உட்படுபவரும் ஆய்வு செய்பவரும் ஒருவரே என்பதால், என் மீது எனக்குள்ள பரிவையும் எரிச்சலையும் கழித்துவிட்டே இதைப் படிக்க வேண்டும்.

பின்னணி

1976-இல் திரையிசைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பேஸ் என்பது தாளத்தோடு கூடத் தட்டிச் செல்லும் ஒலி அல்ல. பாடுபவரின் மெட்டுக்கு அடியில் தன்போக்கில் நடக்கும் இன்னொரு மெட்டு. அதை நான் முதலில் கேட்டது எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையின் வானொலிப் பெட்டியில். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. உள்ளங்கையளவு ஸ்பீக்கர் அந்த அதிர்வை எழுப்பவே எழுப்பாது. அது எழுப்புவது 82, 123, 164 என்று மேலே செல்லும் துணைச் சுருதிகளை மட்டுமே. அவற்றைக் கொண்டு, இல்லாத அடிச் சுருதியைக் காது தானாகவே கட்டிக்கொள்கிறது. ஆக, நான் காதலித்த பேஸ் அந்தப் பெட்டியில் இருந்ததே இல்லை. இந்த ஆய்வின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

கல்லூரியில் சேர்ந்தபோது கிட்டார் வைத்திருந்த மூவரும் லீட் வாசிக்க விரும்பியதால் நான்காமவனான எனக்குப் பேஸ் வந்து சேர்ந்தது. கற்பித்தவர் பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர் ஒருவர். அவர் சொன்ன முதல் விதி, வலதுகை விரல் தந்தியை அடிப்பதைவிட இடதுகை விரல் தந்தியை நிறுத்துவதே முக்கியம் என்பது. அன்று அது எனக்குப் புரியவில்லை.

கருவிகள்

முதல் கருவி பேஸ் கிட்டாரே அல்ல. கிவ்சன் ஆறு தந்திக் கிட்டார் ஒன்றில் மெல்லிய இரண்டு தந்திகளையும் கழற்றிவிட்டு, மீதி நான்கில் வாசித்தேன். சுருதிப் பெயர்கள் பேஸுக்கு உரியவையே என்றாலும், ஒலி ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். 1998-இல், ஒரு தேவாலயப் பாடகர் குழு கழித்துவிட்ட உள்நாட்டுப் பேஸ் ஒன்றை வாங்கினேன். அதன் கழுத்து வில்லாக வளைந்திருந்தது, தந்திகள் துருவேறியிருந்தன. ஐந்தாம் கட்டத்துக்கு (கழுத்தின் குறுக்கே உலோகப் பட்டைகளால் பிரித்த இடம், ஃபிரெட்) மேல் அழுத்த விரலில் வலு போதாது. ஆனால் அந்தப் பழைய தந்திகளின் மந்தமான 'தொம்' எந்த அரங்கிலும் யாரையும் உறுத்தியதில்லை. 2004-இல் இப்போதுள்ள குழுவில் சேர்ந்து, ஐந்தாண்டுகள் அந்தக் கருவியோடு ஒரு புகாரும் இல்லாமல் ஓட்டினேன்.

2009-இல் ஊக்கத்தொகைப் பணத்தில் ஸ்குவயர் ஜாஸ் பேஸ் ஒன்றை வாங்கினேன். அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் அதே நீளத்தில், மெலிந்த கழுத்தும் இரண்டு பிக்கப்புகளும் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) கொண்டது. என்னுடையது அதன் மலிவுப் பதிப்பு. இரண்டு பிக்கப்புகளுக்கும் தனித்தனி வால்யூம் குமிழ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன் குமிழ். இந்த இரண்டு வால்யூம் குமிழ்களே இந்த வழக்கின் மையம் என்பது வாங்கிய அன்று தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

கருவி வந்த அடுத்த ஆண்டு எங்கள் ஒத்திகை, கூடத்திலிருந்து கீபோர்டு மாஸ்டர் வீட்டு மொட்டைமாடி அறைக்கு மாறியது. புகார் தொடங்கியதும் அப்போதுதான். புதுக் கருவியும் புது அறையும் சில மாத இடைவெளியில் வந்ததால், எல்லோரும், முதலில் நானே, கருவியின் மீது பழி போட்டோம்.

தவறான வைத்தியங்கள்

முதல் சந்தேகம் தந்திகள் மீது. திருச்சியில் அன்று பேஸ் தந்தி கேட்டவுடன் கிடைக்காது. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் பேஸ்காரர்களிடையே வாய்மொழியாக உலவும் வைத்தியத்தைச் செய்தேன். தந்திகளைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டால், தந்தியின் சுற்றுக்கம்பி இடுக்குகளில் அடைந்த வியர்வையும் எண்ணெயும் கரைந்து ஒலி தெளியும். வேறு பாத்திரம் அகப்படாமல் இட்லிப் பானையில் போட்டேன். நீர் வெளிர்ச் சாம்பல் நிறமாகி, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டியபோது ஒலி உண்மையிலேயே பளிச்சென்று வந்தது. மூன்று வாரம் நீடித்தது. அந்தப் பானை அதன்பின் சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. புகார் அப்படியே இருந்தது; சொல்லப்போனால் கூடியது.

இரண்டாவது, கழுத்து. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி, கழுத்தின் வளைவு மாறும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பக் கூடாது என்பது விதி. அவசரத்தில் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, தந்திகள் கட்டங்களில் மோதிக் கறகறவென்று ஒலித்ததைக் கேட்டுக் கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். மெல்லத் திரும்பத் தளர்த்தி, ஒரு வாரம் காத்திருந்ததில் சரியானது. இதனாலும் புகார் தீரவில்லை.

மூன்றாவது, ஆம்ப்ளிஃபயர். 30 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட் ஆம்ப் வாங்கினேன். மூன்று மடங்குக்கு மேல் வாட் கூடினாலும், காதுக்கு வந்து சேரும் ஏற்றம் 5 டெசிபல் அளவுதான். ஓராயிரம் ஹெர்ட்ஸில் (நொடிக்கு ஆயிரம் அதிர்வு) 60 டெசிபலில் கேட்கும் ஒலியின் அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 90 டெசிபல் வேண்டும் என்பது மனிதக் காதின் அமைப்பு. வாட்டை வாங்கி அந்த முப்பதை நிரப்ப முயல்வது, ஓட்டைக் குடத்தைப் பெரிய குழாயடியில் வைப்பது போன்றது. அன்று எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. தவணை மட்டும் தெரியும்.

அறை

மொட்டைமாடி அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். நான்கு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட் தளம். டிரம்ஸுக்குப் பதிலான ரிதம் பேட் ஒரு மூலையில், கீபோர்டு சன்னலோரம், பாடுபவர்கள் சுவரோரப் பெஞ்சில். மீதமிருந்த இடம் நடு அறை என்பதால் என் பிளாஸ்டிக் நாற்காலி ஏழு ஆண்டும் அங்கேயே கிடந்தது.

2017 மே மாதத்தில் ஒருநாள் மற்றவர்கள் வரத் தாமதமானபோது, ஆம்பின் அருகே நின்று தடித்ததிலிருந்து இரண்டாவதான ஏ தந்தியின் முதல் கட்டத்தை, எங்கள் மொழியில் 6½ கட்டையை (கட்டை என்பது மேடையில் சுருதிக்குச் சொல்லும் எண் பெயர்; 1 கட்டை C, 6½ கட்டை A#), விடாமல் வாசித்துக்கொண்டே நீளமான வயருடன் அறைக்குள் நடந்தேன். சுவரோரம் நின்றபோது தளமே அதிர்ந்தது. சன்னல் கொண்டி கிணுகிணுத்தது. இரண்டடி உள்ளே வந்ததும் குறைந்தது. என் நாற்காலிக்கு வந்தபோது அடிச் சுருதி சுத்தமாக இல்லை. தந்தியின் உரசல் மட்டும் கேட்டது. மறுபக்கச் சுவரை நெருங்க நெருங்க மீண்டும் எழுந்தது. ஏழாண்டுப் புகாரின் இரண்டு பாதிகளும் ஐந்தடி தூரத்தில் இருந்தன.

கணக்கு எளியது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,145 அடி செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி போய்த் திரும்பும் தூரம் 20 அடி என்றால், 1,145-ஐ 20-ஆல் வகுக்க வரும் 57 ஹெர்ட்ஸ் அந்த அறையின் சொந்தச் சுருதி. அது 6 கட்டைக்கும் 6½ கட்டைக்கும் இடையில் விழுகிறது. அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் அதே சுருதி இருமடங்காகப் பொங்குகிறது. 12 அடி நீளத்துக்கு உரியது 48 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. அது 5 கட்டைக்கு அருகில். இந்தச் சுருதிகளில் அழுத்தம் சுவரோரம் உச்சமாகவும் நட்டநடுவில் பூச்சியமாகவும் இருக்கும். அதாவது, ஒலியே சேராத ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கேட்கவில்லை என்று நான் குமிழைத் திருப்ப, சுவரோரம் இருந்தவர்கள் குமுறுகிறது என்று கத்தியிருக்கிறார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான்.

மண்டபம்

இது ஒத்திகை அறையை விளக்குகிறது. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவ்வளவு பெரிய கூடத்தின் சொந்தச் சுருதிகள் மிகக் கீழே, நெருக்கமாக அமைவதால் ஒரு சுருதி தனித்துப் பொங்காது. அப்படியிருந்தும் அங்கேயும் பேஸ் கேட்கவில்லை. ஒத்திகை அறையில் பிடித்த பழக்கம் மண்டபம் வரை கூட வந்ததே அதற்குக் காரணம் என்பது, மிக்ஸரிலிருந்து எடுத்த ஓராண்டுப் பதிவுகளை வரிசையாகக் கேட்டபிறகே தெளிவானது.

குமுறலைக் குறைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், ஒத்திகையில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் குமிழைப் பாதிக்குமேல் இறக்கி வைத்திருந்தேன். பாலத்துப் பக்கப் பிக்கப் (தந்திகள் கிட்டார் உடலில் முடியும் இடத்தருகே இருப்பது) மட்டும் பேசும்போது ஒலி மெலிந்து கறாராக வரும். அறையில் அது எடுபட்டது. ஜாஸ் பேஸில் இந்த இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டு குமிழும் சம அளவில் இருந்தால் மின்வயர்களிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றை இறக்கினால் அந்தச் சமநிலை போய்விடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சலும் 50-இலும் அதன் இருமடங்கான 100-இலும் எழும். ஏறக்குறைய சுருதி ஏறிய 5 கட்டை. மண்டப மேடையில் சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், எர்த் சரியில்லாத பிளக் என்று எல்லாம் சேர, பாட்டுக்கு இடையில் என் கை தந்தியை விட்டவுடன் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி கூடம் முழுக்கப் பரவும்.

மைக் செட்காரர் அதைக் கேட்டவுடன் செய்வது, செய்யவேண்டியதும், என் சேனலின் லோ குமிழை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான குமிழை, முழுவதும் இறக்குவதுதான். இரைச்சல் நிற்கும், அதோடு பேஸும் போய்விடும். அடி காலியாக இருப்பதை மேடை மானிட்டரில் உணரும் கீபோர்டு மாஸ்டர் இடது கையால் அதை நிரப்பத் தொடங்குவார். அவர் கீபோர்டின் சுருதி மாறாதது. என் தந்தி மேடை விளக்கின் சூட்டில் சற்றுத் தளர்ந்திருக்கும். 55 ஹெர்ட்ஸும் 55½ ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலித்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி பொங்கி அடங்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அதைத்தான் குமுறல் என்கிறார். பின்வரிசைக்காரருக்கு யார் வாசிக்கிறார் என்றே தெரியாது. ஒரு குமிழில் தொடங்கிய சங்கிலி பெரியவரின் புருவத்தில் முடிந்தது.

இங்கே ஒரு குறை என் வாசிப்பின் மீதும் உண்டு. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பதிவுகளில் என் சேனலை மட்டும் தனியாகக் கேட்டபோது, கேட்கவில்லை என்ற பதற்றத்தில் நான் வாசித்தவற்றில் பாதிக்குமேல் தேவையற்ற சுரங்கள். பாடகர் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் சிறு சுர அடுக்கு. ஒரு சுரம் முடியும்முன் அடுத்தது. எதையும் இடதுகை விரலால் நிறுத்தவில்லை. பொன்மலைக்காரர் சொன்ன முதல் விதி அந்தப் பதிவில்தான் எனக்குப் புரிந்தது. தாழ்ந்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எதுவும் சுரமாகக் கேட்காது, வண்டிச் சத்தமாகவே கேட்கும்.

கட்டை

குழு அனுபவத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்களிடம் பாடும் ஆண் குரல் 1½ கட்டை, பெண் குரல் 5½ கட்டை. பேஸின் நான்கு திறந்த தந்திகளும் தடித்ததிலிருந்து முறையே 3, 6, 2, 5 கட்டைகள். 1½ கட்டையின் மேஜர் ஸ்கேலில் (ஏழு சுர வரிசையில்) இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு சுரத்தையும் விரலால் அழுத்தியே எடுக்க வேண்டும், கைக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. கீபோர்டு மாஸ்டருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் உண்டு. எந்தக் கட்டையானாலும் அவர் விரல் அதே வெள்ளைக் கட்டைகளில்தான் ஓடும். ஒரு வரவேற்பில், முந்தைய பாட்டுக்காக ஏற்றிய அரைக்கட்டையை அவர் இறக்க மறந்துவிட்டார். பாடகரும் அவரையே பின்தொடர்ந்து 2 கட்டையில் தொடங்க, நோட்டுப் புத்தகத்தில் எழுதியபடி 1½ கட்டையில் நின்றவன் நான் ஒருவன். நான்கு அளவு, அதாவது நான்கு தாளச் சுற்று, அப்படியே போயிற்று. மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, எங்க இருக்கீங்க?" என்றார். இன்றுவரை அந்த நான்கு அளவுக்கு நானே பொறுப்பாளி என்பதுதான் குழுவின் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

சிகிச்சையும் விளைவும்

செய்த மாற்றங்கள் செலவில்லாதவை. ஒத்திகை அறையில் என் நாற்காலி நடுவிலிருந்து சுவருக்கு மூன்றடி அருகே நகர்ந்தது. ஆம்ப் மூலையிலிருந்து வெளியே வந்து மரப்பெட்டியின் மேல் ஏறியது. இரண்டு பிக்கப் குமிழ்களும் முழுதாகத் திறந்தே இருக்கும். ஒலியைக் குறைக்க வேண்டுமானால் ஆம்பில் மட்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரலகலத்துக்கு வெட்டிப் பாலத்தருகே தந்திகளின் கீழ் செருகினேன்; சுரம் எழுந்தவுடன் அடங்கும், என் இடதுகை மறந்தாலும் அது மறக்காது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் (ஃபெண்டரின் 1951 வகை) பழந்தந்தியோடும் பஞ்சு அணைப்போடும், வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தவர் என்பதைப் பின்னால் அறிந்தபோது, 1998-இல் வாங்கிய துருப்பிடித்த கருவி ஏன் யாரையும் உறுத்தவில்லை என்பதும் விளங்கியது.

மண்டபத்தில், மைக் செட்காரரிடம் லோ குமிழை ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் சிறிது ஏற்றச் சொன்னேன். தேநீர்க் கடை வானொலி கற்றுத்தந்த பாடம் இங்கே உதவியது: துணைச் சுருதிகள் தெளிவாகப் போய்ச் சேர்ந்தால், அடிச் சுருதியைக் காது பார்த்துக்கொள்ளும். மாஸ்டரின் இடது கையைப் பற்றிப் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குழு அவருடையது. பதிவைப் போட்டுக் காட்டி, "மாஸ்டர், இந்த எடத்துல நீங்களும் நானும் ஒரே சுரம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் அவருடைய இடது கை ஒரு ஸ்தாயி மேலே ஏறியிருந்தது.

இரண்டு புகார்களும் 2017 இறுதிக்குள் நின்றுபோயின. இரைச்சல் புகார் மட்டும் எர்த் இல்லாத மண்டபங்களில் இன்னமும் எப்போதாவது வரும்.

தீராமல் நிற்கும் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். என் கருவியில் மெல்லிய தந்தியின் ஆறாம் கட்டத்தில் வாசிக்கும் சுரம் மட்டும் பிறந்தவுடன் செத்துவிடும். இந்த வகைக் கருவிகளில் ஐந்து முதல் ஏழு கட்டங்களுக்குள் அப்படி ஓர் இடம் அமைவது வழக்கம். கழுத்து மரத்தின் சொந்த அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்றுபட, தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆறாம் கட்டம் என்பது 1½ கட்டை, எங்கள் ஆண் பாடகரின் ஆதார சுருதி. கழுத்தின் தலைப்பகுதியில் எடை கூட்டினால் அதன் அதிர்வு தாழும் என்பதால், தச்சரிடம் இரவல் வாங்கிய இரும்புக் கிளாம்பு ஒன்றை அங்கே மாட்டிப் பார்த்தேன். செத்த இடம் ஐந்தாம் கட்டத்துக்கு, 1 கட்டைக்கு, நகர்ந்தது. 1½ கட்டைக்காரருக்குப் பிரச்சினை தீர்ந்தது. சென்ற தை மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் 1 கட்டையில் பாடுகிறான். அவன் பாட வரும்போது கிளாம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். அண்ணன் பாட வரும்போது திரும்ப மாட்டுகிறேன். இருவரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு அந்தச் சுரத்தைப் பக்கத்துத் தந்தியின் பத்தாம், பதினோராம் கட்டங்களில் எடுத்துக்கொள்கிறேன். தச்சர் கிளாம்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.